சும்மா இருக்கப் போன ஊர்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மேலத் தோட்டத்தில் திராட்சைக் கவாத்து முடிந்ததா?

பர்கண்டியிலிருந்து வாட்ஸாப்பில் கத்தை கத்தையாகப் படம் அனுப்பினேன். பச்சைச் சரிவு, கல் வீடு, மாதா கோயில் கோபுரம், சாயங்கால வெயில் என்று பார்த்துப் பார்த்து எடுத்த படங்கள். அத்தனைக்கும் சேர்த்து உங்களிடமிருந்து வந்தது ஒரே வரி: "கொடி ஏன் இம்புட்டுக் குட்டையா கெடக்கு? பந்தல் போட வக்கில்லையா?" உங்கள் மகள் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரெஞ்சுக்காரன் நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்து வைத்த மானம் ஒரே வரியில் போய்விட்டது. கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

இந்தப் பிரெஞ்சு நாட்டில் வருஷத்துக்கு 5 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 1936இல் 2 வாரத்தில் தொடங்கி, 1982இல் 5 வாரத்துக்கு வந்து நின்றது. ஆகஸ்டு மாதம் ஒருவன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க நான் போட்டு வைத்திருந்த திட்டத்தை என் மேலாளரிடம் காட்டினேன். வேன் பிடித்து ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடிக்கிற வம்சம் நாம். எனக்கு அதில் எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கிராமத்தில் ஒரு வீடு எடு. ஒரு வாரம் சும்மா இரு" என்றார்.

சும்மா இருக்க எதற்கு 300 கிலோமீட்டர் போக வேண்டும், இங்கேயே சும்மா இருக்கலாமே என்று உங்கள் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் "அங்கே போன திசையெல்லாம் திராட்சைத் தோட்டமாம்மா" என்றதும் முதலில் பெட்டி கட்டியது அவர்தான்.

கிராமத்து வீடுகளை இங்கே பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை என்றுதான் வாடகைக்கு விடுகிறார்கள். ஆக, ஒரு பாதி நாடு சனிக்கிழமை வீட்டைக் காலி செய்கிறது, மறுபாதி அதே சனிக்கிழமை குடி போகிறது. எந்த நாளில் நெரிசல் எப்படி இருக்கும் என்று அரசாங்கமே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் குறித்து முன்கூட்டியே பஞ்சாங்கம் போட்டுவிடுகிறது. ஆகஸ்டில் கறுப்புச் சனிக்கிழமை தவறாமல் வரும். அப்படியொரு நாளில்தான் கிளம்பினோம். சுங்கச்சாவடியில் மணிக்கணக்காக நின்றபோது உங்கள் அக்கா பின் இருக்கையிலிருந்து, "சனிப்பெயர்ச்சிக்கு நம்ம ஊர்ல குச்சனூர் போவோம். இவுக மொத்தப் பேரும் ரோட்டுக்கு வந்துருவாக போல" என்றார்.

வீடு போன் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில். தடித்த கல் சுவர், பின்னால் ஒரு வாதுமை மரம், வேலிக்கு அப்பால் உடனே திராட்சை. வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் கவாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். சாவியைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஊரில் எந்தக் கடையும் திறந்திருக்காது என்று மட்டும் எச்சரித்தார். உண்மைதான். பன்னிரண்டு அடித்தால் ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தபால் அலுவலகம் என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அவசரம் என்று ஒரு சாமானை இரண்டு மணிக்குள் வாங்கிவிட முடியாது என்பதால், கொஞ்ச நாளில் அவசரமே வருவதில்லை.

பிள்ளைகள் இந்த வாழ்க்கைக்கு உடனே பழகிவிட்டார்கள். உங்கள் பேரன் பத்து மணிக்கு எழுந்தான். பேத்தி மரத்தடியில் கவிழ்ந்து படுத்துப் படித்தாள். நானும் உங்கள் மகளும் ஆளுக்கொரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் அக்கா விடியற்காலம் ஐந்து மணிக்கே வேலியோரம் போய் நின்றுவிடுவார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடி குட்டைதான், இடுப்பளவு. பந்தலே கிடையாது. மூன்று கம்பி இழுத்து, வரிசையாக வேலி மாதிரிதான் வளர்க்கிறார்கள். மீட்டருக்கு ஒரு செடி, ஹெக்டேருக்கு 10,000 செடி வரை நெருக்கி நடுகிறார்கள். கவாத்தில் ஒரு நீண்ட குச்சியையும் ஒரு சின்ன முளையையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழித்துவிடுகிறார்கள். வரிசைக்குள் நம் டிராக்டர் நுழையாது. அதனால் நாலு காலையும் அகட்டிக் கொடிக்கு மேலேயே நடந்து போகிற மாதிரி ஒரு உயரமான டிராக்டர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பேரன் அதன் பின்னாலேயே அரைக் கிலோமீட்டர் ஓடினான்.

அடுத்ததைக் கேட்க உட்கார்ந்துகொள்ளுங்கள். காய்க்கிற கொடிக்குத் தண்ணீர் பாய்ச்ச இங்கே விதி இடம் தராது. வானம் பெய்தால் உண்டு. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணைக்கு இன்றைக்கும் படையல் வைக்கிற நமக்கு இது எப்படி விளங்கும்? உங்கள் அக்கா வீட்டுக்காரரிடம் சைகையிலேயே மோட்டார் எங்கே, குழாய் எங்கே என்று தேடினார். அவர் வானத்தைக் காட்டினார்.

இன்னும் இருக்கிறது. காய் அதிகம் பிடித்தால் ஜூலை மாதமே பச்சைக் கொத்துகளை வெட்டிக் கீழே போட்டுவிடுகிறார்கள். மிச்சக் கொத்தில் சாரம் ஏற வேண்டுமாம். பேர் போன சிவப்பு ஒயின் தோட்டங்களில் ஹெக்டேருக்கு 3,500 லிட்டர் சுற்றுக்கு மேல் ஒயின் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. 1395இல் இந்த நாட்டுப் பிரபு ஒருவர், அதிகமாகக் காய்க்கிறது என்பதையே குற்றமாகச் சொல்லி கமே என்ற ரகத்தைப் பிடுங்கி எறிய உத்தரவு போட்டிருக்கிறார். நம் பக்கம் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும்; இவர்களுக்கு வருஷத்துக்கு ஒரே அறுவடை, செப்டம்பரில். அதுவும் உறுதி கிடையாது. 2021 ஏப்ரலில் துளிர் விட்ட நேரம் உறைபனி விழ, வரிசைக்கு வரிசை பெரிய பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்கள். அப்படியும் நிறைய கருகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

நாங்கள் போன சமயம் காய் நிறம் திரும்புகிற பருவம். ஒரே கொத்தில் பாதி பச்சை, பாதி கறுப்பு. பினோ நுவார் என்ற ரகம். கொத்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், காய் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. உங்கள் அக்கா பார்த்துவிட்டு, "இதக் கொண்டு போனா நம்ம யாவாரி வண்டிய விட்டே எறங்க மாட்டான்" என்றார்.

ஆனால் அவர் இன்னொன்றும் பார்த்தார். வேலியோரம் குனிந்து ஓர் இலையைத் திருப்பினார். அதில் நீலமும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாகக் கறை. கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார், நிமிர்ந்து, "மயில்துத்தம் அடிச்சிருக்கான்" என்றார். அடிச்சாம்பல் நோய்க்கு நீங்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறீர்களே, அதே போர்டோ கலவை. அந்தப் போர்டோ இந்த நாட்டு ஊர்தான் மாமா. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ரோட்டோரக் கொடிகளுக்கு மட்டும் இதை அடித்து வைப்பார்களாம், போகிறவன் வருகிறவன் காயைப் பறித்துத் தின்னாமல் இருக்க. நீலக் கறையைப் பார்த்தால் விஷம் என்று பயந்து போய்விடுவான். அப்படி அடித்த கொடிக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, சோதித்து, 1885இல் வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து கண்டுபிடித்த மருந்தைத்தான் நீங்கள் சுருளிப்பட்டியில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இலையும் கையுமாக உங்கள் அக்கா நின்றதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அங்கே மரியாதை கூடிவிட்டது. இவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கணுவில் வெட்டுவது என்று அரை மணி நேரம் பேசினார்கள். மொழிபெயர்க்கப் போன என்னை இருவரும் தொந்தரவாகப் பார்த்தார்கள். பன்னீர் திராட்சையை நம் பக்கம் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்களே, அதை மட்டும் நான் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வருஷம் முழுக்க வெட்டு நடக்கும் என்றேன். அதை அவர் நம்பவில்லை.

விலை விவகாரம் கேட்பீர்கள் என்று தெரியும். திஜோன் ஊரிலிருந்து தெற்கே ஒரு நெடுஞ்சாலை வருகிறது. அதற்கு மேற்கே சரிவு, கிழக்கே சமவெளி. சரிவின் நடுவில் விளைந்தால் தங்க விலை, ரோட்டைத் தாண்டிக் கிழக்கே விளைந்தால் சாதாரண விலை. ரகம் ஒன்றுதான். இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாக 1,200க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி அந்தஸ்து. 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் தராசில் ஏறினால் அது வெறும் கிலோதான். இவர்கள் வரப்பு வாரியாகக் குறியீடு போட்டு, அந்த வரப்பின் பெயரைப் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். இதைத்தான் நான் மெய்யாகவே மெச்சினேன்.

ரொமானே கோன்தி என்ற தோட்டத்தைப் பார்க்கப் போனோம். மொத்தமே நாலரை ஏக்கர் சுற்று, உங்கள் மேலத் தோட்டத்தைவிடச் சின்னது. வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான் வரும். ஒரு பாட்டில் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் போகிறது. 1945ஆம் வருஷத்துப் பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிருக்கிறது. தோட்டத்தில் காவல்காரன் இல்லை, நாய் இல்லை, முள்வேலி இல்லை. இடுப்பளவு கல் சுவர், ஒரு கல் சிலுவை, தயவுசெய்து உள்ளே இறங்காதீர்கள் என்று மரியாதையாக ஒரு பலகை. 2010இல் ஒருவன் கொடிகளில் துளை போட்டு விஷம் வைத்து, ஒரு மில்லியன் யூரோ கொடுக்காவிட்டால் தோட்டத்தையே அழிப்பேன் என்று மிரட்டியிருக்கிறான். பணத்தைப் பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்ல, போலீஸ் அங்கேயே பிடித்துவிட்டது. "நாலரை ஏக்கருக்கா?" என்று உங்கள் அக்கா மூன்று முறை கேட்டார்.

அதற்குப் பக்கத்தில் குளோ த வூஜோ. இதைத்தான் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். சுற்றிலும் மதில் எழுப்பிய 50 ஹெக்டேர். சிஸ்டர்சியன் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே பண்ணையாக வைத்திருந்தது. புரட்சி வந்து மாதா கோயில் சொத்தையெல்லாம் பறித்து விற்றார்கள். அதன் பிறகு 1804இல் நெப்போலியன் சட்டம்: அப்பன் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிய வேண்டும். பிரிந்தது, மறுபடி பிரிந்தது. இன்றைக்கு ஒரே மதிலுக்குள் எண்பது பேர் சுற்று உரிமைக்காரர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடி மட்டும்தான் சொந்தம். அதிலும் அவரவர் தனியாகப் பறித்து, தனியாக ஒயின் எடுத்து, எண்பது சொந்தக்காரரும் அதே தோட்டப் பெயரைத்தான் ஒட்டுகிறார்கள். எவன் பாட்டில் நல்லது என்பது வாங்குகிறவன் தலையெழுத்து. நமக்கும் பெரியப்பா வீட்டுக்கும் கிணற்றடி வரப்பில் ஒன்றரை அடிக்கு நடக்கிற வழக்கைச் சொன்னால், அந்த எண்பது பேரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள்.

அந்த நெப்போலியன் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, நம் ஊரில் 1989இல்தான் அந்தச் சட்டம் வந்தது என்பதை உங்கள் மகள் இந்த இடத்தில் கட்டாயம் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். எனக்கு இதில் சம்பந்தம் இல்லை.

நான் குடித்தேனா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், அத்தை கேட்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு அரை கிராம் தொட்டால் வண்டி ஓட்டக் கூடாது. அதற்காகவே ஒயின் ருசி பார்க்கிற நிலவறையில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். வாயில் ஊற்றி, கொப்பளித்து, மேலே பார்த்து யோசித்து, அதில் துப்பிவிட வேண்டும். துப்பினேன், உங்கள் மகள் சாட்சி. அவள் துப்பினாளா என்பதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன், வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியவன். டாஸ்மாக்கில் கம்பிக்குள் கையை விட்டு வாங்கிப் பழகிய நாட்டுக்காரனுக்கு அந்த இடம் விசித்திரமாகத்தான் இருக்கும். விற்றது பேரப்பிள்ளை எடுத்த ஒரு பாட்டி. ஒவ்வொரு கிளாசையும் விளக்குக்கு நேரே பிடித்து, இதில் செர்ரிப் பழம், காளான், ஈரமண், தோல் வாசனை வருகிறது என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனார். "இம்புட்டும் போட்டா ஊற வைக்கிறாங்க?" என்றார் உங்கள் அக்கா. இல்லையம்மா, திராட்சை மட்டும்தான் என்றேன். "பெறகு எதுக்கு இல்லாததச் சொல்றாக?" இதை மட்டும் நான் அந்தப் பாட்டிக்கு மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு நத்தை வந்தது; பூண்டும் வெண்ணெயும் அரைத்து ஓட்டுக்குள் அடைத்து, ஒரு தட்டில் ஆறு. அம்மா முகம் சுளிப்பார் என்று நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் ஊசியால் ஒன்றைக் குத்தி எடுத்து மென்று பார்த்துவிட்டு, "மூலத்துக்கு நல்லது. மெளகு பத்தல" என்றார். இங்கே தின்கிற நத்தையில் பெரும்பங்கு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவதாகக் கேள்வி. திஜோன் ஊர்க் கடுகு உலகப் பிரசித்தம், அந்தக் கடுகும் நிறைய கனடாவிலிருந்து வருகிறது. 2021இல் அங்கே மழை பொய்த்ததால் 2022இல் இங்கே கடைகளில் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று அளந்து விற்றார்கள். நத்தை வெளியூர், கடுகு வெளியூர். உள்ளூர் என்று சொல்ல மண் ஒன்றுதான். ஆனால் அந்த மண்ணை வைத்தே பிழைத்துக்கொள்கிறார்கள்.

கடுகு என்றதும் ஞாபகம். அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் நம் ஊர்க் கடுகு கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் ரசத்துக்குத் தாளித்தபோது புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. 2015 முதல் வீட்டுக்கு வீடு அது கட்டாயம். வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து, அடுப்படியில் நெருப்பைத் தேடி, கடைசியில் ரசத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். மறுநாள் வாசலில் ஒரு பாட்டில் இருந்தது. எந்த வரப்பில் விளைந்தது என்று கையால் எழுதியிருந்தார்.

உங்கள் அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஓர் ஆஸ்பத்திரி. போன் ஊரில், வண்ண ஓடு வேய்ந்த கூரை. 1443இல் நிக்கோலா ரோலன் என்ற மந்திரியும் மனைவியும் ஏழைகளுக்காக நிறுவியது. வரி போட்டு எத்தனையோ பேரை ஏழையாக்கியவர், அவர்களுக்குப் படுக்கப் படுக்கையும் போட்டுக் கொடுப்பது நியாயம்தான் என்று பின்னால் வந்த ராஜா ஒருவர் கேலி செய்ததாகக் கதை. நீண்ட கூடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்து, இப்போது 60 ஹெக்டேர் சொந்தம். அதில் விளைகிற ஒயினை 1859 முதல் நவம்பர் மாதத்து மூன்றாவது ஞாயிறு ஏலம் விட்டு, அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குச் செலவழிக்கிறார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "குடிக்கிற காசு ஆஸ்பத்திரிக்குப் போகுது. நம்ம ஊர்ல குடிச்சவன்தான் போறான்" என்றார். உண்டியல் இல்லையே என்று வருத்தம்.

சும்மா இருந்தோமா என்று கேட்டால், நான் இருக்கவில்லை. எனக்கு அது வரவில்லை. உங்கள் அக்காதான் இருந்தார், அதாவது காலை முதல் சாயங்காலம் வரை கொடியோடு இருந்தார். இந்த ஊர் திராட்சை தெரிந்தவர்களுக்கானது மாமா. என்னைப் போல் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு அது படம் எடுக்க மட்டும்தான் ஆகும்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். மதுரைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் அறுவடைக்கு நீங்களும் அத்தையும் இங்கே இருக்க வேண்டும். வருஷம் முழுக்கக் காய்க்கிற பந்தல் இருக்கிறது என்பதை நான் சொல்லி அந்தப் பெரியவர் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார். அழைப்புச் சான்றுக்கு இங்குள்ள நகராட்சியில் மனு போட நீங்கள் வருகிற தேதி வேண்டும். மேலத் தோட்டத்தில் வெட்டு எப்போது முடியும் என்று பார்த்து, தேதியையும் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பி வையுங்கள். வரும்போது கடுகு வேண்டாம், இருக்கிறது, மிளகு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்